பத்தாவது ஆள்: ஒஸ்லோ யூத சபையின் பரஸ்பர உதவி பற்றி ஒரு பாடம்



இவ்விதழின் படிப்புப் பகுதிக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, கணக்குப் புத்தகம் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லாதவன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. ஆகவே எனது வேலைத்தலத்தில் நான் நேரில் கண்ட ஒரு சிறு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

அங்கே ஒரு யூத நண்பர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மதப்பற்று மிகுந்தவர் என்று சொல்வதற்கில்லை. ஒரு தை மாதம், ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் எல்லோரும் தலை நிமிராமல் இருந்த நேரம், பின்னேரம் மூன்று மணிக்கு அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கதைத்து முடித்துவிட்டு மேலங்கியை எடுத்தார். "ஒன்பது பேர் வந்துவிட்டார்களாம். நான் போனால் பத்து" என்றார். யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். தாயை இழந்த ஒருவருக்காகப் பிரார்த்தனையாம். அந்த மனிதரை நண்பருக்கு முகப்பழக்கம் மட்டுமே. ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். அதைப்பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் "பத்து" என்ன என்று விசாரித்ததில் தொடங்கியதுதான் இந்தப் பாடம்.

யூத மரபில் முக்கியமான பிரார்த்தனைகள் சிலவற்றைத் தனியாள் சொல்ல முடியாது. குறைந்தது பத்துப் பேர் கூடவேண்டும். இதற்கு மின்யான் என்று பெயர். பழமை பேணும் சபைகளில் வளர்ந்த ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். சீர்திருத்த சபைகளில் பெண்களையும் எண்ணுகிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளை பதினொரு மாதங்கள் சொல்லவேண்டிய கதிஷ் என்ற பிரார்த்தனையும் இந்த வகையைச் சேர்ந்தது. கதிஷில் மரணம் என்ற சொல்லே வருவதில்லை, முழுவதும் இறைவனைப் போற்றுவதுதான். ஆனால் பத்துப் பேர் இல்லையென்றால் துக்கத்தில் இருப்பவர் அதைச் சொல்லமுடியாமல் வீடு திரும்பவேண்டியதுதான்.

கணக்காளன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு விடயம் உடனே பட்டது. "முடிந்தவர்கள் வாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால், யாரோ போவார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவோம். பத்து என்று எண்ணிச் சொன்னால், ஒன்பதாவது ஆள் வந்து நிற்கும்போது பத்தாவது ஆளின் இல்லாமை தெரிகிறது. எமது ஆலயத்தில் தேர்த்திருவிழாவுக்கு வடம் பிடிக்க ஆள் குறைவதில்லை. மறுநாள் மண்டபம் கழுவ எத்தனை பேர் வேண்டும் என்று நாம் எப்போதாவது எண்ணிச் சொன்னோமா? நான் பார்த்தவரை இல்லை. அதே ஐந்தாறு பேர்தான்.

யார் இவர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும், ஏனெனில் எமது பிள்ளைகள் பாடசாலையில் படிப்பது பெரும்பாலும் போர்க்கால அழிவை மட்டுமே. 1814 ஆம் ஆண்டின் நோர்வே அரசியலமைப்பு, தன் இரண்டாம் பிரிவிலேயே யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டிருந்தது. கவிஞர் ஹென்ரிக் வெர்கெலான்ட் அதை நீக்கக்கோரிப் பல வருடங்கள் போராடி, பலன் காணாமலே 1845 இல் இறந்தார். தடை நீங்கியது 1851 இல். ஒஸ்லோவின் யூத சபை 1892 இல் அமைந்தது. பேர்க்ஸ்தியன் வீதியில் இன்றும் இருக்கும் தொழுகைக்கூடம் 1920 இல் திறக்கப்பட்டது. ஜேர்மானிய ஆக்கிரமிப்பின்போது நாடு முழுவதிலும் இருந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 1942 நவம்பர் 26 ஆம் திகதி டொனாவ் என்ற கப்பலில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் ஒஸ்லோத் துறைமுகத்திலிருந்து ஒரே நாளில் ஏற்றப்பட்டனர். மொத்தம் 770 இற்கும் மேற்பட்டோர் நாடுகடத்தப்பட்டு, உயிரோடு திரும்பியோர் நாற்பது பேருக்கும் குறைவு. சபையின் மதகுரு யூலியுஸ் சாமுவேலும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மற்றையோரில் பெரும்பாலானோர் சுவீடனுக்கு ஓடித் தப்பினர். ஹொல்பெர்க்ஸ் வீதியில் இருந்த யூதச் சிறுவர் இல்லத்தின் பதினான்கு பிள்ளைகளையும், கப்பல் புறப்படும் அதே நாட்களில், இல்லத்தின் பொறுப்பாளர் நீனா ஹஸ்வொல்டும் மனநல மருத்துவர் நிக் வாலும் மறைத்து வெளியேற்றினார்கள்.

எல்லிங்ஸ்ருட்டிலிருந்து இரண்டாம் இலக்க நிலக்கீழ் ரயிலில் நகரத்துக்குப் போகும்போது ஹெல்ஸ்ஃபூர் என்ற தரிப்பிடம் வருகிறதல்லவா? வேலைக்கும் வரிக் காரியங்களுக்குமாக எம்மில் பலர் அங்கே இறங்கியிருப்போம். அதற்குப் பக்கத்திலுள்ள இடுகாட்டில் யூதர்களுக்கென ஒரு பகுதியும், கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுச்சின்னமும் உண்டு. நான் எட்டு வருடங்கள் அவ்வழியே போய்வந்தும் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் போனேன்.

இன்று நோர்வேயில் உள்ள யூதர்கள் ஆயிரத்தைந்நூறு பேர் அளவில்தான். நாங்கள், பிள்ளைகளையும் சேர்த்தால், பதினையாயிரம் பேர் வரை இருக்கிறோம். எம்மில் பத்தில் ஒரு பங்கினர் தொழுகைக்கூடம், முதியோர் இல்லம், இடுகாடு எல்லாம் வைத்து நடத்துகிறார்கள் என்பதை மனதில் இருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள். (அரசு நட்டஈடு கொடுத்தது உண்மை. 1999 இல் நாடாளுமன்றம் ஒதுக்கிய 450 மில்லியன் குரோனரில் 200 மில்லியன் தனிநபர்களுக்கும், மீதி பொதுப்பணிகளுக்குமாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் சபை அதற்கு நூறு வருடங்கள் முந்தியது.)

துக்க வீட்டுக்கு வருவோம். அடக்கம் முடிந்தபின் ஏழு நாட்கள் குடும்பத்தினர் வீட்டில் இருப்பார்கள். இதற்கு ஷிவா என்று பெயர்; எபிரேய மொழியில் ஏழு என்பதுதான் பொருள், எமது சிவனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இடுகாட்டிலிருந்து வந்து உண்ணும் முதல் உணவு அவர்களுடைய சொந்த உணவாக இருக்கக்கூடாது. அயலவர் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். பயறு வகையும் அவித்த முட்டையும் வழக்கம். பார்க்க வருபவர் துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை தாமாகப் பேச்சைத் தொடங்கக்கூடாது என்பது பழைய விதி.

இதை வாசிக்கும் பெரியவர்களுக்கு எங்கள் ஊர் ஞாபகம் வரும். செத்தவீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து முதலில் தேத்தண்ணி வரும், பிறகு சாப்பாடு வரும். பந்தல் போட, பறைமேளத்துக்குச் சொல்ல, விறகு ஏற்ற என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கிராமத்து மரண சகாய சங்கங்களில் மாதச் சந்தா கட்டிக் கொப்பியில் பதிந்து வைத்திருந்தோம். ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. அந்த ஒழுங்கின் பாதி சாதி முறையில் தங்கியிருந்தது. சில வேலைகளைச் சிலர் செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில்தான் அவை நடந்தன. இங்கே அந்தக் கட்டாயம் இல்லை, இருக்கவும் கூடாது. அப்படியானால் அந்த வேலைகளை இங்கே யார் செய்வது?

யூத சபைகள் இக்கேள்விக்கு நீண்டகாலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுவிட்டன. ஹெவ்ரா கதிஷா என்ற புனிதக் கூட்டம் ஒன்று ஊர்தோறும் உண்டு. பிராக் நகரத்தில் 1564 இலேயே அமைக்கப்பட்டதற்குச் சான்று இருக்கிறது. இறந்தவரின் உடலைக் கழுவி, தூய்மை செய்து, வெள்ளைத்துணி உடுத்தி, அடக்கம் வரை விட்டுப் பிரியாமல் இருப்பது இவர்கள் பணி. ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். இதில் சேருவது இழிவான தொழில் அல்ல, சபையில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த கௌரவம். வைத்தியர், வியாபாரி, ஆசிரியர் எல்லோரும் இருப்பார்கள். யார் செய்தார் என்று இறந்தவரின் குடும்பத்துக்குச் சொல்வதுகூடக் கிடையாது. இதை "உண்மையான அன்பு" என்று அழைக்கிறார்கள். இறந்தவரால் திருப்பிச் செய்ய முடியாதல்லவா? எங்களூரில் கீழே தள்ளிவைத்த வேலையை அவர்கள் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். இதை நான் அறிந்த அன்று இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

செலவைப் பற்றியும் ஒரு கதை தல்மூட் நூலில் வருகிறது. ஒரு காலத்தில் இறந்தவருக்கு விலையுயர்ந்த ஆடை உடுத்தும் போட்டி மிகுந்து, செலவுக்குப் பயந்த உறவினர் உடலை விட்டுவிட்டு ஓடும் நிலை வந்ததாம். அப்போது பெருந்தலைவராக இருந்த ரப்பான் கமலியேல் தன்னைச் சாதாரண லினன் துணியில் அடக்கம் செய்யும்படி சொல்லி வைத்தார். பெரியவரே அப்படிப் போனபின் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். இன்றும் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே வெள்ளைத்துணி, அதில் சட்டைப்பை கிடையாது.

இங்கே எமது செத்தவீடுகளில் மலர்வளையங்களும் வீடியோவும் மண்டப வாடகையும் நினைவுமலர் அச்சுச் செலவும் எங்கே போய் நிற்கின்றன என்று நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன். தொகையைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். சில வருடங்களுக்கு முன் தனியாளாக இருந்த ஒரு பெரியவர் காலமானார். சொந்தம் என்று இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. நான்கு பேர் எல்லாவற்றையும் ஓடித் திரிந்து செய்தோம். அவர்களில் ஒருவர் இரவு வேலை முடித்து நேரே வந்தவர். தகனத்தன்று மண்டபத்தில் எண்ணிப் பார்த்தேன், எம்மோடு சேர்த்து ஏழு பேர். அந்தப் பெரியவர் பத்து வருடங்களுக்கு மேலாக எமது மடப்பள்ளியில் காய் வெட்டியவர்.

இனி எனக்குத் தெரிந்த துறைக்கு வருகிறேன். யூத மரபில் ஏழைகளுக்காக ஊரில் வைக்கும் பொதுப்பெட்டிக்குக் கூப்பா என்று பெயர். மிஷ்னா என்ற பழைய சட்டத்தொகுப்பு, அதற்குக் காசு சேர்க்க இருவர் போகவேண்டும், பங்கிட மூவர் இருக்கவேண்டும் என்கிறது. சேர்ப்பவர்கள் தெருவில் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிந்து போகக்கூடாது. வழியில் ஒருவருக்குத் தன் சொந்தக் காசு கிடைத்தாலும் தன் மடியில் போடக்கூடாது. பெட்டியில் போட்டு வீட்டுக்குப் போய்த்தான் எடுக்கவேண்டும், பார்ப்பவர் சந்தேகப்படாதிருக்க. சில்லறையை மாற்ற வேண்டுமானால் பிறரிடம் மாற்றலாம், தமது காசோடு மாற்றக்கூடாது. இவை ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முந்திய விதிகள். நான் பல்கலைக்கழகத்தில் உள்ளகக் கட்டுப்பாடு என்று மூன்றாம் வருடத்தில் படித்ததெல்லாம் இதற்குள் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே தல்மூட் தருமப் பொருளாளரிடம் கணக்குக் கேட்கவேண்டாம் என்றும் சொல்கிறது, அவர் நம்பிக்கைக்குரியவர் என்பதால். எனக்கு இது பிடிக்கவில்லை. நல்லவேளையாக, பதினாறாம் நூற்றாண்டில் போலந்தின் மதகுரு மோசே இசர்லெஸ், கேட்காவிட்டாலும் தாமாகக் கணக்குக் காட்டுவதே நல்லது என்று குறிப்பெழுதி வைத்தார். இறைவன் முன்னும் மக்கள் முன்னும் சுத்தமாக நிற்பதற்காம். எமது உண்டியலை ஒருவர் தனியாக இருந்து எண்ணும் வழக்கம் எந்தெந்த ஆலயங்களில் உண்டோ, அங்கெல்லாம் அந்த ஒருவருக்குத்தான் நாம் அநியாயம் செய்கிறோம். ஒருநாள் ஏதாவது குறைந்தால் தன்னை நிரூபிக்க அவரிடம் ஒன்றுமே இருக்காது.

கொடுப்பது பற்றியும் இரண்டு சொற்கள் அவர்களிடம் உண்டு. காசாகக் கொடுப்பது செதாக்கா. நீதி என்ற சொல்லிலிருந்து வந்தது. உடலாலும் நேரத்தாலும் செய்வது கெமிலுத் ஹசாதீம். வள்ளுவரும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் அதற்கு முன்னால் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியாக வைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். காசு ஏழைக்கு மட்டும், மற்றது பணக்காரனுக்கும் ஏழைக்கும், உயிரோடிருப்பவனுக்கும் இறந்தவனுக்கும் என்று தல்மூட் பிரித்துச் சொல்கிறது. உதவியில் வாழும் ஏழையும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுக்கவேண்டும் என்றும் விதி உண்டு. முதலில் இது கொடுமையாகப் பட்டது. அகதிமுகாமில் இருந்த நாட்களை நினைத்தபோது விளங்கியது. வாங்குகிறவனாகவே இருப்பதைப் போன்ற களைப்பு வேறில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் கொடுப்பதை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுழித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவருக்கு வாங்கியவரையும், வாங்கியவருக்குக் கொடுத்தவரையும் தெரியாமல் இருப்பது மேலிருந்து இரண்டாவது. எருசலேம் கோயிலிலேயே "இரகசிய அறை" ஒன்று இருந்ததாம். கொடுப்பவர் உள்ளே வைத்துவிட்டுப் போவார், நொடித்துப்போன நல்ல குடும்பத்தவர் வந்து எடுத்துப் போவார். எல்லாவற்றுக்கும் மேலான முதற்படி, கடனோ வேலையோ பங்குவியாபாரமோ கொடுத்து, ஒருவரை மறுபடி கையேந்த வேண்டாத நிலைக்குக் கொண்டுவருவது.

நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், வேறோர் ஊரில் எம்மவர் அமைப்பொன்று எனக்கு உதவி செய்தது. மனமார்ந்த உதவிதான். ஆனால் ஒரு விழாமேடையில் ஒலிவாங்கியில் என் பெயரைச் சொல்லி, நான் எந்த ஊர், என்ன இழந்தவன் என்றெல்லாம் சொல்லிக் கடித உறையைக் கையில் தந்தார்கள். படமும் எடுத்தார்கள். அந்தக் காசில் மாரிகாலச் சப்பாத்து வாங்கினேன். பிறகு இரண்டு வருடங்கள் எம்மவர் கூடும் எந்த மண்டபத்துக்கும் போகவில்லை. அவர்களில் யாரும் என்னை அவமதிக்க நினைத்தவர்கள் அல்லர் என்பது இன்று எனக்குத் தெரியும்.

கடன் என்றதும் எமக்குச் சீட்டுத்தான் நினைவுக்கு வரும். சீட்டில் அவசரக்காரன் கழிவு விட்டு எடுப்பான், பொறுத்திருப்பவன் இலாபம் பெறுவான். நெருக்கடியில் இருப்பவனுக்குத்தான் நட்டம் அதிகம். தாச்சி ஓடிவிட்டால் அதோடு கதை முடிந்தது. யூத வேதம் தன் மக்களிடம் வட்டி வாங்குவதைத் தடுத்ததால், கெமாக் என்ற வட்டியில்லாக் கடன் நிதிகள் சபைகளில் தோன்றின. நியூயோர்க்கில் அகதிகளாக வந்திறங்கியவர்களுக்காக 1892 இல் 95 டொலரோடு ஒரு கடன் சங்கம் தொடங்கினார்கள். ஒஸ்லோ சபை அமைந்த அதே வருடம். அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. பிணையாளி கையெழுத்து வாங்குவார்கள், வட்டி வாங்கமாட்டார்கள். திரும்பி வரும் காசு அடுத்தவருக்குப் போகும். காசு மட்டுமல்ல, குழந்தைக் கட்டில், கலியாணச் சட்டை, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் சிறு சிறு கெமாக்குகள் பல நாட்டு யூதரிடையே உண்டு. எல்லிங்ஸ்ருட்டில் எத்தனை வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் சாமத்தியவீட்டுச் சேலைகளும் பிள்ளை வண்டில்களும் தூசு பிடித்துக் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போவது பற்றியும் ஒரு சொல். பார்க்கப் போகிறவர் நோயின் அறுபதில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. பகலின் முதல் மூன்று மணித்தியாலமும் கடைசி மூன்று மணித்தியாலமும் போகவேண்டாம் என்றும் விதி. அறுபது பேர் ஒரேயடியாகப் போனால் என்ன என்று எனது மகன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வைத்தியசாலை விறாந்தையில் எமது ஆட்களைப் பார்த்தவர்களுக்கு அக்கேள்வியின் பொருள் விளங்கும்.

தொண்டு என்றால் சமையலும் கூட்டிப் பெருக்குவதும் மட்டுமல்ல என்பதை 2015 காட்டியது. அவ்வருடம் பெப்ரவரி 15 ஆம் திகதி அதிகாலை கொப்பன்ஹேகன் தொழுகைக்கூடத்தில் ஒரு சிறுமியின் சமயச் சடங்குக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் காவல் நின்ற டான் உசான் என்ற 37 வயதுத் தொண்டரைத் துப்பாக்கிதாரி சுட்டுக் கொன்றான். உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அவர் சம்பளத்துக்கு நின்றவர் அல்லர், சபையின் தொண்டர். ஆறு நாட்களின் பின், 21 ஆம் திகதி, ஒஸ்லோவின் முஸ்லிம் இளைஞர்கள் அழைப்பு விடுத்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பேர்க்ஸ்தியன் தொழுகைக்கூடத்துக்கு முன்னால் "சமாதான வளையம்" அமைத்தார்கள். ஒஸ்லோக் கூடமும் 2006 இல் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளானதுதான்.

எல்லாவற்றையும் அப்படியே எமக்கு எடுக்கமுடியாது. அவர்கள் புதைக்கிறார்கள், நாம் எரிக்கிறோம். எமது கிரியை முறைகள் வேறு. கட்டாயம் மிகுந்த சபையில் மூச்சுமுட்டுகிறது என்று விலகிப்போகும் இளையவர்கள் அவர்களிடமும் உண்டு என்று எனது நண்பரே சொன்னார். இருந்தாலும் இங்கே வாலிபராக வந்த எமது முதல் தலைமுறை இப்போது எழுபதைக் கடந்துகொண்டிருக்கிறது. வரும் பத்து வருடங்களில் எமது செத்தவீடுகள் எத்தனை என்று நான் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஆலய பரிபாலன சபையிடம் இரண்டு விடயம் கேட்டிருக்கிறேன். உண்டியல் எண்ணும்போது எப்போதும் இருவர் இருந்து இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது ஒன்று. அதற்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. மற்றது, துக்க வீடுகளுக்கான பெயர்க் கொப்பி. கழுவி உடுத்த யார், முதல்நாள் சாப்பாட்டுக்கு யார், தனியாய் இருப்பவருக்காக மண்டபத்துக்கு வர யார் என்று மூன்று நிரல்கள். ஒவ்வொரு நிரலிலும் பத்து வரிகள் கோடிட்டு, சப்பாத்து வைக்கும் தட்டுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். மூன்றாவது நிரலில் இதுவரை ஆறு பெயர்கள். சாப்பாட்டு நிரல் நிரம்பிவிட்டது, எதிர்பார்த்ததுதான். முதலாவது நிரலில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, ஒன்று என்னுடையது. மற்றையவர் இங்கே பிறந்த ஒரு மருத்துவத்தாதி, இருபத்தாறு வயது, பெயரை வெளியிட வேண்டாம் என்றார்.